சைரன் வீட்டுப் பிள்ளை

நூல் மில்லில் அவளுக்குப் பெயர் சைரன். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் போடுகிறவருக்குத் தெரிந்தால் உண்டு. மெஷின்கள் ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. இவள் இந்தக் கோடியிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் அந்தக் கோடியில் ஃபிட்டர் திரும்பிப் பார்ப்பார். அப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்தே அந்த மனுஷன் அவளுக்குப் புருஷனாகவும் ஆகிவிட்டார். குரல் எட்டாத இடத்துக்குக் கை இருக்கிறது. விரலை முறுக்கிக் காட்டினால் நூல் அறுந்துவிட்டது, நெஞ்சைத் தட்டினால் இங்கே வா, கட்டைவிரலை வாயில் சரித்தால் டீ. மில்லில் எல்லோருக்கும் இந்தப் பாஷை அத்துப்படி.

வீட்டிலும் அதே கதைதான். அவள் சாப்பிடக் கூப்பிடுவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டை விலக்க வந்ததுகூட உண்டு. நாக்கு தள்ளிப்போய் வருகிற நாட்களில் கத்தவும் தெம்பிருக்காது, கை பேசிவிடும். நெஞ்சைத் தட்டினால் மகள் சின்னக்குட்டி ஓடி வந்து நிற்பாள். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை என்று இரண்டு பேருக்கும் பெருமை பிடிபடாது.

அந்தப் பிள்ளை இரண்டாம் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று டீச்சர் ஆள் விட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கேன், அவ பாட்டுக்கு ஜன்னலைப் பாக்கறா. ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேச வரல. இப்படியே போனா, பேச்சு வராத பிள்ளைங்க தங்கிப் படிக்கிற தனிப் பள்ளிக்கு அனுப்பிடலாம்னு மேலிடத்துல சொல்றாங்க. அதுக்குள்ள பேச்சு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க."

டீச்சருக்குப் பஞ்சு மாதிரி குரல். "என்ன சொன்னீங்க?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. தன்னுடைய மில் காதைத்தான் நொந்துகொண்டாள். தங்கிப் படிப்பது என்ற வார்த்தை மட்டும் ஒரே தடவையில் காதில் விழுந்தது. அம்மா பக்கத்தில் இல்லாமல் தூங்காத பிள்ளை.

குழந்தை பேசவில்லை என்றால் ஊரில் இருப்பவர்கள் எல்லோரும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். "நானே எட்டு வயசுலதான் பேசினேனாம், இப்ப பேசலயா?" என்றார் ஃபிட்டர்.

"நீங்க இப்பவும் எங்க பேசறீங்க?" என்றாள்.

நாத்தனார் ஒரு படி மேலே போனாள். "கொறமாசத்துப் பிள்ளை. அதுகூட பேச வீட்ல யாரு இருக்கா? நீ வேலைக்குப் போயிடற, கையில செல்ஃபோனக் குடுத்துடற." ஒத்தாசைக்கு ஒரு நாள் வந்து நின்றவளில்லை இந்த நாத்தனார். பதில் சொல்லலாம்தான், அதற்கும் தெம்பு வேண்டுமே.

பேச்சு டாக்டர் சின்ன வயதுப் பெண். ஒரு கண்ணாடி, குட்டி நாற்காலி, கட்டைப் பொம்மைகள் என்று அடக்கமான அறை. பிரசவம் எப்படி, குடும்பத்தில் வேறு யாருக்காவது பேச்சு தாமதமா, காதில் சீழ் வந்ததா, ஃபோன் எவ்வளவு நேரம் என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். சளி பிடித்தால் காது வலி என்று அழுவாள், தானாகவே சரியாகிவிடும் என்று சொல்லும்போதே சைரனுக்குப் பொறுமை போய்விட்டது.

"எல்லாத்துக்கும் நான்தான் காரணம்னு ஒரே வார்த்தையில சொல்லிடுங்க டாக்டர். எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சு."

"அப்படி யாரும்மா சொன்னா? இது ஒண்ணால வர்றதில்ல. நாலஞ்சு விஷயம் ஒண்ணா சேர்ந்து பிள்ளைய இழுத்துப் பிடிச்சிருக்கும். அதுல எது எதுன்னுதான் பாக்கறேன்."

பேசிக்கொண்டே எழுந்து பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றார். "குட்டி, அம்மாகிட்ட போம்மா," என்றார் மெதுவாக. பிள்ளை கட்டை அடுக்குவதிலேயே கண்ணாக இருந்தது. டாக்டர் சொல்லியும் கேட்காமல் மானத்தை வாங்குகிறாளே என்று சைரனுக்குக் கூசியது. பிள்ளை அடுத்த கட்டைக்காகத் தலை நிமிர்ந்த நேரம் பார்த்து நெஞ்சைத் தட்டினாள். ஓடி வந்து மடியில் ஏறிக்கொண்டாள் சின்னக்குட்டி.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"கூப்பிட்டேன்."

"வாயே திறக்கலையேம்மா."

மில் பாஷையைப் பற்றிச் சைரன் சொல்லச் சொல்ல டாக்டர் முகம் மாறியது. பிள்ளையை மறுபடி கட்டைகளிடம் விட்டார். "கையை அசைக்காதீங்க. அவளுக்குப் பின்னாடி நின்னு, நான் பேசற மாதிரி மெதுவாக் கூப்பிடுங்க."

மெதுவாகக் கூப்பிடுவது எப்படி என்றே அவளுக்குப் பிடிபடவில்லை. "இன்னும் மெதுவா," என்றார் டாக்டர். ஒருவழியாகக் குரலைத் தணித்து, "குட்டி," என்றாள். பிள்ளை திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். கட்டைமேல் கட்டை ஏறிக்கொண்டிருந்தது.

அன்றைய ஷிஃப்டை விட்டுவிட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு சைரன் பிள்ளையைக் காது டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்து வெகு நாளாயிற்று என்றார் காது டாக்டர். சின்ன ஆபரேஷன் போதுமாம். கத்திக் கத்தியும் கையைக் காட்டியும் வளர்த்ததில் வீட்டில் யாருக்கும் குறை தெரியவில்லை. ஊர் முழுக்கக் கேட்கிற குரலை வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளைக்குக் கேட்கவில்லை என்பதைத் தானே மூடி வைத்திருக்கிறோமே என்று அவள் மனம் ஆறவில்லை. ஃபிட்டர் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். பேச்சு டாக்டர் பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பேசி, பிள்ளையை முதல் பெஞ்சில் உட்கார வைத்தார். தனிப் பள்ளிப் பேச்சு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது, அற்றுப்போகவில்லை. "காது தெளிஞ்ச உடனே பேச்சு கொட்டிடாதும்மா. விட்டுப்போன வார்த்தையெல்லாம் இனிமேதான் சேர்க்கணும். பேசிக்கிட்டே இருங்க," என்று சொல்லி அனுப்பினார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று சின்னக்குட்டி முதுகைக் காட்டி உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். சைரனுக்கு உடம்பு அடித்துப்போட்ட மாதிரி வலித்தது. அடுப்பருகில் நின்றவள் பழக்க தோஷத்தில் குரல் கொடுத்தாள்.

"குட்டி! சாப்பிட வா!"

பிள்ளை திடுக்கிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. திரும்பி அவளைப் பார்த்தது. முகம் அழுகைக்குக் கோணியது.

"அம்மா, ஏன் கத்தற?"

மூன்று வார்த்தை. சேர்ந்தாற்போல் மூன்று வார்த்தை. சைரனுக்குச் சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. அதற்குள் பிள்ளை மறுபடி முதுகைக் காட்டிக்கொண்டு விளையாட்டில் இறங்கிவிட்டது.

அவள் கை தானாக நெஞ்சுக்குப் போனது. அதை இறக்கினாள். பிள்ளைக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்து, டாக்டர் அறையில் கூப்பிட்ட அதே குரலில், "குட்டி, வா," என்றாள்.

சின்னக்குட்டி திரும்பினாள்.