ஜானட் வைத்த டேக்

ஜானட்டை ராயபுரத்துத் தெருக்காரர்கள் சோம்பேறி என்றார்கள். நாள் முழுக்க லேப்டாப் முன்னால் குந்தியிருப்பவளுக்கு வேறென்ன பெயர் கிடைக்கும்? ஆனால் வேலையில் அவள் எறும்பு. நாலைந்து கம்பெனிகளின் வெப்சைட்டுகளில் டேக் வைப்பது அவள் பிழைப்பு. டேக் என்பது பக்கத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒற்றன். யார் வந்தார்கள், எதைப் படித்தார்கள் என்று விளம்பரக்காரனிடம் போட்டுக் கொடுத்துவிடும். அப்புறம் அந்த ஆள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே விளம்பரம் வந்து நிற்கும். இந்த ஒற்றர்களையெல்லாம் ஒரே இடத்திலிருந்து மேய்க்க ஒரு சாஃப்ட்வேர் உண்டு.

குழந்தைப்பேறு மருத்துவமனை ஒன்று, முகப்புப் பக்கத்துக்கு மட்டும் டேக் கேட்டது. ஜானட்டுக்குத்தான் அரைகுறை வேலை பிடிக்காதே! ‘எல்லாப் பக்கங்களும்’ என்று அமுக்கிவிட்டாள். யார் எதைப் படித்தார்களோ அதற்கேற்ற விளம்பரம் போகும் என்று பெருமை வேறு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான்.

மூன்றாம் வாரம் பக்கத்து வீட்டு ரோசலின் அழுதுகொண்டே வந்தாள். கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளையில்லை. ஊர் வாய் அவளைத்தான் மென்றது. புருஷன் பெனிட்டோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். டாக்டர் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான்.

“அவரு போன்லதான்டி பாத்தேன். வூட்டுக்கு அது ஒண்ணுதான கீது. கொழந்த ஆஸ்பத்திரி சைட்டுல ஆம்பளைங்களுக்கு டெஸ்ட்டுன்னு ஒரு பக்கம். படிச்சிட்டு, பாத்த தடத்த அழிச்சிட்டேன். அவரு தோஸ்துங்களுக்கு வீடியோ காட்டிகினு இருந்தப்போ ‘குறை உங்களிடமா?’ன்னு ஒரு விளம்பரம் வந்து நின்னுச்சாம். எல்லாரும் சிரிச்சிட்டானுங்க. ரெண்டு நாளா சோறு துன்னல. யாராண்ட சொன்னேன்னு என்னையே கேக்குறாரு. நான் பாத்தது தெரிஞ்சா அந்த வூட்ல எனக்கு எடமே இல்ல. நீ கம்ப்யூட்டர் வேலைதான செய்ற, நிறுத்துடி.”

தான் டேக் வைத்த மருத்துவமனைதான் என்று ஜானட்டுக்குப் புரிந்தது. அந்த வரியை எழுதியவன் யாரோ. ஆனால் பெனிட்டோவிடம் அனுப்பி வைத்தது அவள்தான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. ரோசலின் போனதும் டேக்கை எடுத்தாள். இனி வருபவர்கள் தப்பித்தார்கள். ஏற்கெனவே விளம்பரக்காரன் பட்டியலில் ஏறியவர்கள் ஏறியவர்கள்தான். விளம்பரத்தை நிறுத்துவது மருத்துவமனையின் விளம்பர ஏஜென்ட் டில்லிபாபு கையில் இருந்தது. போன் போட்டுக் கெஞ்சினாள்.

“இப்பத்தான் கூட்டம் வந்துகினு கீது. ஒரு வூட்டு சண்டைக்கு நிறுத்த சொல்றியா? போம்மா!”

அன்று சாயங்காலம் பெனிட்டோவே வாசலில் வந்து நின்றான். முகம் வாடிக் கிடந்தது.

“எம் பொண்டாட்டி உன்னாண்ட எதுனா சொன்னாளாம்மா? அவளுக்கு உன்ன வுட்டா யாரும் கெடையாது.”

“ஐயோ, இல்லண்ணா! அவங்க மேல பழி போடாதீங்க. இத யாரும் சொல்லத் தேவையில்ல. போன்ல ஒருவாட்டி அந்தப் பக்கத்த பாத்தாலே போதும், தானா வந்துரும்.”

சொன்ன பிறகுதான் ஜானட் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெனிட்டோ கையிலிருந்த போனைப் பார்த்தான்.

“நான் பாக்கலையே” என்றான்.

திரும்பித் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.