மூன்றரை அடிச் சுவர்

அளவு நாடாவின் நுனியில் இருந்த பித்தளை வளையம் காலை வேளையில் விரலைச் சுடுவதுபோல் சில்லென்றிருக்கும். அதைச் சுவரின் மூலையில் அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொள்வது என் வேலை. மறுமுனையில் நாடாவை இழுத்துக்கொண்டு போய், அடியும் அங்குலமும் படித்து நோட்டில் குறித்துக்கொள்வது அக்காவின் வேலை. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பெங்களூர் கண்டோன்மெண்டில், ஓசூர் ரோட்டிலிருந்து பிரிந்த ஒரு தெருவில், பழைய பங்களா ஒன்றின் பாதியில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்தோம். எனக்கு ஒன்பது வயது, அக்கா ரோசலினுக்குப் பதினெட்டு.

அக்காவுக்குப் பம்பாய் போய்க் கட்டிடக்கலை படிக்க வேண்டும். எங்கள் பங்குக் கோவிலைச் சேர்ந்த பெண்கள் டீச்சரானார்கள், நர்ஸானார்கள், சிலர் கன்னியர் மடத்துக்குப் போனார்கள். வீடு கட்டப் படிக்கப் போனவள் யாருமில்லை. மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பா அவளைத் தடுக்கவில்லை, ஊக்கப்படுத்தவும் இல்லை. விண்ணப்பத்தை மட்டும் தபாலில் வரவழைத்துக் கொடுத்தார். குடியிருக்கும் வீட்டைத் தானே அளந்து படம் போட்டு, ஊரில் மதிப்புள்ள ஒருவரின் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும். அது தேறினால், கட்டிடப் பகுதிகளின் பெயர்களிலும் பொது அறிவிலும் நேரில் கேள்வி கேட்பார்கள் என்று அதில் எழுதியிருந்தது.

இப்படித்தான் அந்தச் சொற்கள் எங்கள் சாப்பாட்டு நேரத்துக்குள் புகுந்தன. நான் நோட்டைப் பார்த்துக் கேட்பேன், அக்கா பதில் சொல்லுவாள். வீட்டை ஜன்னல் மட்டத்தில் குறுக்கே அறுத்து, மேல்பாதியை எடுத்துவிட்டு, மேலிருந்து பார்த்தால் தெரிவது "பிளான்"; தெருவில் நேரே நின்றால் தெரியும் முகம் "எலிவேஷன்"; பிளம் கேக்கைத் துண்டு போடுவதுபோல் கூரையிலிருந்து அஸ்திவாரம் வரை வெட்டினால் உள்ளே தெரிவது "செக்‌ஷன்". வாசலுக்கு மேல் சுவரின் பாரத்தைத் தாங்கும் கட்டையோ கல்லோ "லிண்டல்". அந்தப் பாரத்தை வளைவாகக் கட்டித் தாங்கினால் "ஆர்ச்". வளைவின் உச்சியில் கடைசியாகச் செருகும் கல் "கீஸ்டோன்". ஜன்னலுக்கு மேல் குல்லாய்போல் கூம்பி நின்ற மர மறைப்புக்கு எங்கள் ஊரில் "மங்கி டாப்" என்று பெயர். அந்தச் சொல் புத்தகத்தில் இல்லை. பம்பாயில் சொன்னால் சிரிப்பார்களோ என்று அக்காவுக்கு ஒரு கவலை. அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே, பாதிக் கன்னடம் கலந்து, "சும்னே சாப்பிடுங்கடி, லிண்டல் வயித்தை ரொப்பாது" என்பாள்.

அளந்து முடித்துக் கூட்டிப் பார்த்தபோது, அறைகளையும் சுவர்களையும் சேர்த்த நீளத்தைவிட வெளியே அளந்த நீளம் இரண்டடி அதிகமாக வந்தது. வளையத்தை நகர்த்திவிட்டேன் என்று பழி முதலில் என்மேல்தான் விழுந்தது. மறுபடி அளந்தோம், அதே இரண்டடி. கதவுள்ள சுவர்களின் கனத்தைக் கதவருகே நின்று அளந்துவிடலாம், எல்லாம் ஒன்றரை அடி. ஹாலுக்கும் அப்பாவின் அறைக்கும் நடுவிலிருந்த சுவருக்கு மட்டும் கதவில்லை. அதையும் ஒன்றரை அடி என்றே நாங்கள் வைத்துக்கொண்டிருந்தோம். அது மூன்றரை அடியாக இருந்தால்தான் கணக்குச் சரியாகும். அக்கா சமையலறையிலிருந்து பூரிக்கட்டையை எடுத்து வந்து அந்தச் சுவரைத் தட்டிக்கொண்டே போனாள். இரண்டு ஓரத்திலும் கெட்டிச் சத்தம். நடுவில் நாலைந்தடி அகலத்துக்குக் காலித் தகரப் பெட்டியைத் தட்டியது போலிருந்தது. வெள்ளைக்காரர்கள் குளிர் காய வைத்திருந்த அடுப்பும் புகைபோக்கியும் அங்கே இருந்திருக்க வேண்டும், பிற்பாடு யாரோ இரண்டு பக்கமும் மெல்லிசாகச் செங்கல் வைத்து மூடிப் பூசிவிட்டார்கள் என்று அக்கா ஊகித்தாள்.

பங்களாவின் மறுபாதியில் வீட்டுக்காரர் வேதாசலம் ஐயா இருந்தார். மைசூர் சமஸ்தான உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அக்காவின் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட அப்பா கேட்டிருந்தது அவரைத்தான். பட்டாளம் வந்து குவிந்து ஊரில் வீடே கிடைக்காத சமயம் என்பதால், எங்கள் பாதியின்மேல் மாடி எடுக்க அவர் ஏற்பாடு செய்திருந்தார். செங்கல்கூட வந்து இறங்கிவிட்டது. மாடியின் நடுச்சுவர் சரியாக அந்தச் சுவரின்மேல் வந்து உட்காரப் போகிறது. "வெள்ளைக்காரன் கட்டின சுவரு, யானையே ஏறி நிக்கலாம்" என்று அப்பாவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"படத்துல ஒண்ணரை அடின்னே போட்டுடு ரோஸி" என்றார் அப்பா. "கையெழுத்து ஆகட்டும். அப்புறமா நானே பக்குவமா அவர்கிட்ட சொல்றேன்."

"அப்புறம்னா எப்பப்பா? திங்கக்கிழமை மேஸ்திரி வர்றாரு. கீழ படுத்திருக்கப் போறது நாமதான?"

அப்பா எழுந்து போனார்.

சனிக்கிழமை அக்கா படங்களை எடுத்துக்கொண்டு வேதாசலம் ஐயாவிடம் போனாள். நானும் கூடப் போனேன். எலிவேஷனை அவர் ரசித்துப் பார்த்தார். செக்‌ஷனுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதென்ன, சுவருக்குள்ள காலியா விட்டிருக்கே?" என்றார். அக்கா விளக்கினாள்.

"இருபது வருஷமா நான் இந்த வீட்டுல இருக்கேன். எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுடுச்சா? என் வீடு பொள்ளல்னு பம்பாய்க்கு அனுப்ப, நானே கையெழுத்துப் போடணுமா?" படத்தைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அக்கா அழவில்லை. வீட்டுக்கு வந்து, ஒரு முழுப் பென்சிலை விரற்கடை அளவுக்கு வரும்வரை சீவிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் அப்பாவுக்குப் பத்தடி முன்னால் நடந்தாள்.

திங்கட்கிழமை காலையில் மேஸ்திரி முனுசாமி வந்து இறங்கியதும், அக்கா நேரே அவரிடம் போய், அந்தச் சுவரை ஒருதரம் தட்டிப் பார்க்கும்படி கேட்டாள். அவர் கரணைக் காம்பால் தட்டினார். காதை வைத்து மறுபடி தட்டினார். பிறகு வீட்டுக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். "அய்யா, பாப்பா சொல்றது நெசந்தாங்க. இதும்மேல செவுரு ஏத்துனா நான் ஜவாப்தாரி இல்லீங்க."

"உடை, பார்த்துடலாம்" என்றார் வேதாசலம் ஐயா.

சுத்தியலின் இரண்டே அடியில் ஒரு செங்கல் உள்பக்கமாக விழுந்தது. அடுத்த அடியில் பல வருடத்துப் புகைக்கரி பொலபொலவென்று கொட்டி, அவருடைய வெள்ளை வேட்டியை முழங்கால் வரை கறுப்பாக்கியது. அவர் நகரவில்லை. ஓட்டைக்குள் கையை விட்டு வெகுநேரம் துழாவினார். அக்காவின் பக்கம் திரும்பாமலே, மாடி வேலையை நிறுத்திவிட்டு, அஸ்திவாரத்திலிருந்து தளம் வரை அந்தப் பொந்தைச் செங்கல் வைத்து அடைக்கும்படி மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடைத்து முடிந்த அன்று அவரே எங்கள் வாசலுக்கு வந்தார். "அந்தப் படத்தைக் கொண்டா." அக்கா ஓடிப் போய் எடுத்து வந்தாள். அவர் செக்‌ஷனின் மேல் விரலை வைத்தார். "இப்ப இது தப்பு. சுவரு கெட்டியாயிடுச்சு. திருத்திப் போட்டுக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்."

அவர் சொன்னது நியாயம்தான். அக்கா இரண்டு நாள் உட்கார்ந்து புதிதாகப் போட்டாள். கையெழுத்துக்குக் கீழே, இந்தப் பெண் எதையும் இரண்டு தரம் அளப்பவள் என்று அவர் தாமாகவே ஒரு வரி சேர்த்திருந்தார்.

பம்பாயில் கேட்ட முதல் கேள்வியே, ஒரு குடித்தன வீட்டின் உள்சுவர் எதற்காக மூன்றரை அடி என்பதுதானாம். மங்கி டாப் என்றபோது யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டாராம். இடம் கிடைத்தது. அவளை ரயிலேற்றப் போனபோது அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணரை அடின்னு போடச் சொன்னேனே, அதை மனசுல வெச்சுக்காதே" என்றார். அக்கா "சரிப்பா" என்றாள். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

அக்கா அங்கேயே ஒரு சர்க்கார் அலுவலகத்தில் சேர்ந்து, ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் படம் போட்டுக்கொண்டு முப்பது வருடத்துக்கு மேல் இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் காலமானாள். போன மாதம் வேறு வேலையாக அந்தத் தெருப்பக்கம் போயிருந்தேன். பங்களா இல்லை, தெருவில் ஒரு ஜன்னலுக்குக்கூட மங்கி டாப் இல்லை. எங்கள் வீடு இருந்த இடத்தில் எட்டு மாடிக் கட்டிடம் ஒன்று, கீழிருந்து மேல்வரை ஒரே கண்ணாடி. அதில் எது சுவர், எது ஜன்னல் என்று எனக்குப் பிடிபடவில்லை. எதிர்ச்சாரியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.