கடைக்குப் போன ரப்பர்

செங்கம் ரோட்டு டீக்கடையில்தான் அவரைப் பார்த்தேன். ஒரு ரப்பர் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி கலையாத சட்டை, கறுத்துப்போன கட்டைவிரல் நகம். வந்ததும் உட்காராமல் டீ அடுப்பின் ரப்பர் கேஸ் குழாயை வளைத்து, மடிப்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார்.

"புதுசுன்னியேம்மா, அதுக்குள்ள வெடிச்சிருக்கு பாரு. மாத்திடு."

"நீங்க எதைத் தொட்டாலும் போச்சும்பீங்க சார். டீ ஆறுது, குடிங்க" என்றார் கடைக்கார அக்கா.

எனக்கும் அப்படியொரு கூடத்தில்தான் அப்போது வேலை கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். கீழ்பென்னாத்தூர் முழுக்க அப்பா சொல்லிவிட்டார். நானும் பெருமையாக அவரிடம் சொன்னேன். அவர் வாழ்த்தவில்லை.

"டெஸ்டுக்குனு தனியா ஒரு பீஸ் செய்வாங்க தம்பி. ரிட்டயர் ஆகற வரைக்கும் நல்ல ரப்பரைத்தான் நான் டெஸ்ட் பண்ணேன். கடைக்குப் போனது ஒண்ணுகூட என் கைக்கு வரல."

"நீங்க கேக்கலையா சார்?"

"கேட்டேன். வந்ததை மட்டும் பாருன்னாங்க. பார்த்தேன்."

மறுபடியும் குழாயை வளைத்தார்.

நான் வேலையில் சேர்ந்துவிட்டேன். இதுவரை என் மேசைக்கு வந்த எந்தத் துண்டிலும் ஒரு வெடிப்புகூட இல்லை.