கண்ணீரைக் குடிக்காத துணி

இந்தச் சபையில் பாதிப் பேருக்கு என் முகம் பழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை வராதவள் என்று சிலருக்குத் தெரிந்திருக்கும். போன வருஷம் ஆண்டவர் எனக்குச் செய்ததை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இன்று எழுந்து நிற்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். படித்தது செல் உயிரியல். இங்கே பல்லடம் ரோட்டில், ஒரு பனியன் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் சின்ன லேபில் வேலை. மாடுகளுக்குத் தடுப்பூசி செய்ய, வெள்ளெலிக் குட்டியின் சிறுநீரகச் செல்களைக் கண்ணாடிப் புட்டியில் வளர்ப்பார்கள். அந்தச் செல்கள் உயிரோடிருக்க ஒரு திரவம் வேண்டும். மீடியம் என்போம். உப்பு, சர்க்கரை, வைட்டமின் எல்லாம் அளந்து கலந்த சாப்பாடு. அதைக் குறைந்த விலையில் இங்கேயே செய்ய வேண்டும் என்பது அந்தக் கம்பெனி முதலாளியின் ஆசை. சமைப்பவள் நான் ஒருத்திதான்.

செல்லுக்கு ஞாயிறு தெரியாது. பழைய மீடியத்தை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றாவிட்டால் செத்துப்போகும். நீங்கள் எல்லாரும் இங்கே பாடும் நேரத்தில் நான் லேபில் இருப்பேன். என் அறையில் தங்கியிருந்த, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பெண்கள் ஷிப்ட் கதை பேசிச் சிரிப்பார்கள். என் வேலையைப் பற்றி நான் வாயைத் திறந்தால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். இத்தனை பெரிய திருப்பூரில் என் கவலையைச் சொல்லி அழ ஓர் ஆள் இல்லை.

2008-இல் கரண்ட் கட் ஆரம்பித்தது. செல்கள் இருக்கும் இன்குபேட்டரை மட்டும் ஜெனரேட்டரில் ஓட்டினோம். கழுவிய புட்டிகளைக் காயவைக்கும் சூட்டுப் பெட்டியை நிறுத்திவிட்டோம். புட்டி கழுவும் செல்வி அக்கா, பொங்கலூர்க்காரர், அதற்குப் பதில் துணியைக் குச்சியில் சுற்றி உள்ளும் புறமும் துடைத்து அடுக்குவார். அத்தனை சுத்தமாக இருக்கும்.

அதற்குப் பிறகுதான் செல்கள் சாக ஆரம்பித்தன. கண்ணாடியில் ஒட்டிப் படர வேண்டியவை உருண்டு உருண்டு மிதந்தன. மீடியத்தை மாற்றி மாற்றிக் கலந்தேன். வெளியிலிருந்து வாங்கிய மீடியத்தை ஊற்றினேன். அதிலும் செத்தன. கரண்ட்தான் காரணம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். உறையவைத்திருந்த செல்லில் ஒரே ஒரு குப்பி மிச்சம்.

முதலாளி தங்கமான மனுஷர். அவருக்கே பொறுமை போய்விட்டது. "ஏனுங்க மேடம், இது நம்மளுக்கு ஒத்து வராதாட்ட இருக்குதுங்க. கிறிஸ்துமஸ் வரைக்கும் பாருங்க. அப்பறம் இந்த ரூம்ல தையல் மெஷின் போட்டுக்கறனுங்க" என்றார்.

பாஸ்டரம்மாவிடம் போய் ஜெபிக்கக் கேட்டேன். "எலிச் செல்லுக்கு எப்படிம்மா ஜெபிக்கச் சொல்ற?" என்று சிரித்துவிட்டார்கள். முன்வரிசையில்தான் இருக்கிறார்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு வலித்தது. ஜெபிக்கக்கூட எனக்குத் துணையில்லை என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

அடுத்த ஞாயிறு, மத்தியானம். பக்கத்துக் கம்பெனிகளில் ஒரு மெஷின் சத்தம் இல்லை. அந்த ஒரு குப்பியை விட்டால் என்னிடம் வேறு செல்லும் இல்லை, போக இடமும் இல்லை. புட்டி அலமாரி முன்னால் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் தெரியல. கூட இருக்கவும் யாருமில்ல. நீங்களாவது வாங்க" என்றேன். அழுகைதான் வந்தது.

முகம் துடைக்கக் கையை நீட்டினேன். செல்வி அக்கா புட்டி துடைக்கும் துணி கையில் கிடைத்தது. நம் ஊரில் எதைத் துடைக்கவும் வெட்டி மிஞ்சிய பனியன் துணிதானே. மூட்டையாக வாங்கி வைத்திருந்தோம். துடைத்தேன். கண்ணீர் போகவில்லை, கன்னம் முழுக்க வழிந்தது. மறுபடி துடைத்தேன். துணி குடிக்கவே இல்லை. வழுவழுவென்று வழுக்கியது.

உங்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனியில் இருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியும். மெதுமெதுப்புக்கு சாஃப்ட்னர் போட்ட துணி தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாது. அந்த சாஃப்ட்னர்தான் துணியிலிருந்து புட்டிக்குள் ஏறியிருக்கிறது. தோலில் பட்டால் ஒன்றும் செய்யாது. தோலே இல்லாத செல்லுக்கு அது விஷம். அழுகை அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் துணியே படாத புதுப் புட்டிகளை அலசி, அவற்றின் வாயைத் தாளால் மூடி, மொட்டை மாடி வெயிலில் காயவைத்தேன். கொதி நீராவியில் சுத்தம் செய்து, நான் செய்த மீடியத்தை ஊற்றி, கடைசிக் குப்பியைத் திறந்தேன். அதற்கடுத்த நாள் காலையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். செல்கள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கை கால் நீட்டிப் படுத்திருந்தன. வாய்விட்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

முதலாளியும் குனிந்து பார்த்தார். "ஊடு ஊடாக் கட்டி வெச்ச தெருவாட்ட இருக்குதுங்களே" என்றார். தையல் மெஷின் பேச்சு அதோடு முடிந்தது. செல்வி அக்காதான் விசும்பினார். "நாந் தொடச்சதுலீங்களா இத்தனையும்?" என்று கேட்டார். அவரைக் கட்டிக்கொண்டேன். இந்த ஊரில் நான் ஒருவரைக் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து அவருக்கு மீடியம் மாற்றக் கற்றுக்கொடுத்தேன்.

தனியாக அழுகிறேன் என்று இருந்தேன். கூட இருந்தவர் என் கண்ணீரை வைத்தே பதில் காட்டினார். உங்களுக்கும் யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாத கவலை இருக்கும். அவரிடம் போய் அழுங்கள். கண்ணைத் துடைக்க அவசரப்படாதீர்கள்.

இன்று ஞாயிறு. செல்வி அக்கா லேபில் மீடியம் மாற்றிக்கொண்டிருக்கிறார். நான் இங்கே உங்கள் நடுவில் இருக்கிறேன்.