மட்டக்களப்பில் வெயில்

எங்கள் குடும்பப் பதிவேட்டில் இது என் தம்பி பாயிஸின் பக்கம். கிண்ணியாவில் பிறந்தவன், சீனன்குடா விமானத்தளத்தில் ஒரு சிறிய தனியார் விமான சேவையின் அலுவலகத்தைப் பார்க்கிறவன். கட்டுநாயக்காவிலிருந்து வரும் பன்னிரண்டு ஆசன விமானம் காத்திருக்க வேண்டுமா, வேறிடம் திரும்ப வேண்டுமா என்று முடிவு சொல்வது அவனுடைய பொறுப்பு.

விமானம் பிந்தினால் பயணிகள் முணுமுணுப்பார்கள். ஆனால் எவரும் கைவிடப்படுவதில்லை. மட்டக்களப்புக்குத் திருப்பினாலோ, சீனன்குடாவில் கொழும்புக்குப் போகக் காத்திருப்பவர்களுக்கு அன்று விமானமே இல்லை. பயணிகளை ஏற்ற வந்த நிலாவெளி ஹோட்டல் வான்கள் வெறுமையாகத் திரும்பும். விமானியின் வேலைநேரமும் அங்கேயே தீர்ந்துபோகும். "பிந்தினா ஒரு பயணம்தான் கெடும், திருப்பினா ஒரு நாளே கெடும்" என்பான் பாயிஸ். ஒரேயொருமுறை அதை மீறினான். சென்ற மாரியில், தாயின் செத்தவீட்டுக்கு வந்துகொண்டிருந்த சல்லி என்ற ஊரைச் சேர்ந்த சின்னராசா என்பவருக்காக விமானத்தைத் திருப்பினான். அவர் கொள்ளிவைக்க நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

இந்த மாரியில் எங்கள் தாய்மாமா ஒருநாள் சுபஹு என்ற அதிகாலைத் தொழுகைக்குப் பின் காலமானார். வாப்பாவுக்குக் கடும் சுகவீனம் என்று கேள்விப்பட்டுக் கட்டாரிலிருந்து புறப்பட்ட அவருடைய ஒரே மகன் பஸ்லான், அன்று காலை கட்டுநாயக்காவில் இறங்கிப் பாயிஸின் விமானத்தில் ஏறியிருந்தான். மாமி உம்மு குல்சும் பாயிஸைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அஸரோட எடுக்கிறாங்க மகன். பிள்ளை வரட்டும் எண்டு மையித்த வெச்சிருக்க ஏலாது. அவன் வாப்பாட முகத்தப் பாக்கணும்."

அந்த நேரத்தில்தான் குடாவின்மேல் மழை இறங்கி ஓடுபாதையை மறைத்தது. இன்னும் புறப்படாதிருந்த விமானி கேட்டார்: காத்திருப்பதா, மட்டக்களப்புக்குப் போவதா? அங்கே இறங்கினால், வாகரை வழியாக வாகனத்தில் வந்து பஸ்லான் அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்கு முன் கிண்ணியாவை அடைந்துவிடுவான். கட்டுநாயக்காவிலிருந்தே தரைவழியாக வர இனி நேரம் போதாது. காத்திருந்தால் எல்லாம் மழையின் கையில்.

"திருப்புங்களன் சேர். உங்கட மச்சான்தானே?" என்றார் உடன் வேலைசெய்யும் றிஷானா.

"அதுதான் பிரச்சினை. சொந்தக்காரனுக்கு பிளேனைத் திருப்பினான் எண்டு நாளைக்கு ஊரே கதைக்கும்."

"கதைக்கிற ஊர் எதுக்கும் கதைக்கும் சேர்."

"நிக்கச் சொல்லுங்க."

மழை அஸர் பாங்கு வரை விடவில்லை. பஸ்லான் வந்து இறங்கியபோது அடக்கம் முடிந்திருந்தது. பாயிஸே அவனை மையவாடிக்கு அழைத்துச் சென்றான். நானும் உடனிருந்தேன். ஈரமான புதுமண்ணின் அருகே பஸ்லான் நெடுநேரம் நின்றான். பிறகு திரும்பாமலே கேட்டான்.

"மட்டக்களப்புக்கு வந்திருந்தா?"

"முகம் பாத்திருப்பாய்."

"சல்லி ஆளுக்குத் திருப்பினீங்களாமே மச்சான்?"

"ஓம். அவர் எனக்கு ஆருமில்ல. நீ மச்சான்."

"அப்ப இண்டைக்கு மட்டும் நானும் உங்களுக்கு ஆருமில்லாம இருந்திருக்கலாம்."

பாயிஸ் பாரபட்சத்துக்கு அஞ்சி, அந்நியர் ஒருவருக்குக் கொடுத்ததைச் சொந்தத்துக்கு மறுத்துவிட்டான். பஸ்லானின் இழப்பை அவன் தராசில் வைக்கவே இல்லை. காத்திருப்பதே சரியென்று முடிவான நாட்கள் பல உண்டு. ஆனால் அன்று அவன் எடைபோட்டது விமானத்தை அல்ல, தன் பெயரை. இப்போதெல்லாம் உறவினர் எவராவது பயணம் செய்தால், அன்றைய முடிவை றிஷானாவிடம் விட்டுவிடுகிறான்.

பதிவேட்டில் மாமாவுக்கான பக்கத்தில் நான், "மழையால் மகன் வந்து சேர இயலவில்லை" என்று எழுதியிருந்தேன். மாமாவின் நினைவாகக் கத்தம் ஓதிய அன்று பாயிஸ் அதை வாசித்தான்.

"மழையால எண்டு போடாதீங்க காக்கா. மழை இஞ்சதான் பெஞ்சது. மட்டக்களப்பில வெயில்."

"வேறென்ன எழுத?"

அவன் சொன்னபடியே வெட்டித் திருத்தினேன்: "மகன் வழியில் இருந்தான். காத்திருக்கச் சொன்னவன் மருமகன் பாயிஸ்."