சாலமோன் சொன்ன பாதி சாட்சி

சபையாரே, பெரிய அற்புதத்தைப் பார்த்தவளாக நான் இங்கே நிற்கவில்லை. அலுத்துப்போனவளாக நிற்கிறேன். அலுத்துப்போனவள் முனகியதற்கும் ஆண்டவர் செவிகொடுத்தார் என்று சொல்லத்தான் வந்தேன்.

என் பெயர் ஸ்டெல்லா. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளைச் சுற்றியுள்ள தெருக்களில் காசநோய்க்காரர்களுக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பதும், விடாமல் விழுங்குகிறார்களா என்று பார்ப்பதும் என் வேலை. லாரிப் புழுதியில் நடந்து நடந்து முட்டி தேய்ந்துவிட்டது. பல வீடுகளில் உட்காரக்கூடச் சொல்லமாட்டார்கள். அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடுமாம்.

சாலமோனும் அவன் மனைவி கன்னியம்மாவும் சொல்லச் சொன்னதால்தான் அவர்கள் கதையை எடுக்கிறேன். சாலமோன் நம் சபைப் பிள்ளை, இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. போன வருஷம் பொங்கல் கழிந்ததும் அவனுக்குக் காசநோய் என்று தெரிந்தது. ஈஸ்டர் வரைக்கும் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டான். இருமல் நின்றது, முகத்தில் சதை வைத்தது. ஈஸ்டர் ஆராதனையில் எழுந்து, கர்த்தர் என் நெஞ்சு நோயைப் பூரணமாக எடுத்துப்போட்டார் என்று சாட்சி சொன்னான். சபையே கைதட்டியது.

மறுநாளிலிருந்து அவன் மாத்திரையைத் தொடவில்லை.

ஆறு மாதமும் சாப்பிட்டால்தான் கிருமி சாகும், நடுவில் விட்டால் மருந்துக்கே அடங்காமல் போய்விடும் என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஒன்றுதான் கேட்டான்.

"சாட்சி சொன்ன வாயால மாத்திர முழுங்குனா இன்னாக்கா அர்த்தம்? அப்போ நான் சொன்னது பொய்யா?"

குடிகாரனைத் திட்டலாம், சோம்பேறியை மிரட்டலாம். விசுவாசத்தால் மாத்திரையை விட்டவனை நான் என்ன செய்ய? பாஸ்டரிடம் போய்ச் சொல்லவும் முடியாது. நோயாளி விஷயத்தை வெளியே பேசக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் சட்டம்.

கத்திரி வெயிலோடு இருமலும் திரும்பி வந்தது. அவன் மகள் ஜெனி அப்போது தவழ்கிற குழந்தை. ஒற்றை அறை வீடு. அப்பன் இருமிய காற்றைத்தான் அதுவும் மூச்சிழுக்க வேண்டும். ஆனால் நான் தெருமுனையில் வருவதைப் பார்த்தாலே சாலமோன் பின்பக்கமாகப் போய்விடுவான். இப்போதுதான் வெளியே போனார் என்று கன்னியம்மா வாசலில் நின்று சொல்வாள். வீட்டுக்குப் பின்னாலிருந்து இருமல் கேட்கும். அவளும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம்.

ஒரு மத்தியானம் அப்படித் திரும்பி வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தவள் அழுதுவிட்டேன். நான் செய்தது நல்ல ஜெபமே இல்லை. "ஆண்டவரே, எனக்குப் போதும். காலும் ஓய்ந்தது, வாயும் ஓய்ந்தது. உம்முடைய பேரைச் சொல்லித்தானே அவன் மாத்திரையை விட்டான்? இது உம்முடைய வழக்கு. நீரே போய்ப் பேசும். அந்தக் குழந்தையை மட்டும் கைவிடாதேயும்" என்றேன். ஆமென் சொல்லக்கூடத் தெம்பில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அந்த ஞாயிறு, சாட்சி நேரத்தில், கடைசிப் பாயிலிருந்து கன்னியம்மா எழுந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு சபைக்கு வந்தவள். ஒரு நாளும் இங்கே வாய் திறந்ததில்லை. ஜெனி அவள் இடுப்பில் இருந்தாள்.

"எனக்கு சாட்சில்லாம் சொல்லத் தெரியாது பாஸ்டர். எங்கூட்டுக்காரு சொன்ன சாட்சிய அவருக்கே திருப்பிக் குடுத்துடுங்க. அத வச்சிக்கினு மாத்திர போட மாட்றாரு. மறுபடி இருமுறாரு. எனக்கு பயமா கீது."

நான் அவளுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாஸ்டர் ஆண்கள் பக்கம் போய், சாலமோனின் தோளில் கை வைத்தார்.

"நீ சொன்னது பொய்யில்லப்பா. பாதி சாட்சி. மீதிய கர்த்தர் இன்னும் செஞ்சிக்கினு இருக்காரு. மாத்திர முடியிற அன்னிக்கு வந்து முழுசா சொல்லு."

சாலமோன் குலுங்கிக் குலுங்கி அழுதான். திங்கட்கிழமை எனக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். சளியைச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கிருமி திரும்பியிருந்தது, ஆனால் பழைய மருந்துக்கே கட்டுப்படும் என்றார் டாக்டர். ஜெனிக்கு நோய் இல்லை, தடுப்பு மருந்து மட்டும் கொடுத்தார்கள். ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பம். வாந்தி, மூட்டுவலி, எரிச்சல், எதுவும் லேசாகவில்லை. ஆனால் சோற்றுக்கு ஜெபிப்பதுபோல் சாலமோன் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து ஜெபித்துவிட்டு விழுங்குவான். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து ஜெனியும் கைகூப்பக் கற்றுக்கொண்டாள்.

ஆறு மாத மாத்திரையும் முடிந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு அவன் மறுபடி எழுந்தான். மீதி சாட்சியைச் சொல்ல வந்திருக்கிறேன் என்றான். அதற்குமேல் பேச்சு வரவில்லை. கன்னியம்மாவைக் கைகாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அப்போது ஜெனி சத்தமாக "ஆமே" என்றாள். பஸ் ஸ்டாப்பில் நான் சொல்லாமல் விட்டது அது.

என் அலுப்பு இன்னும் போகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அதை அவரிடமே சொல்லிவிட்டுப் பஸ் ஏறுகிறேன். உங்களில் யாராவது மாத்திரையை ஒளித்துவைத்திருந்தால், அதை விழுங்குவது அவிசுவாசம் இல்லை. அவரை நம்பி விழுங்குங்கள். நாளைக்கும் நான் வருவேன். தயவுசெய்து பின்பக்கமாகப் போய்விடாதீர்கள். எனக்குக் கால் வலிக்கிறது.