டீச்சர் வீட்டு வாஷிங் மெஷின்

அந்தக் குடியிருப்பின் வாட்ச்மேன் அவளுக்கு வைத்த பெயர் புயல். ஒரு வீட்டுக்குள் நுழைவாள், கண்ணை மூடித் திறப்பதற்குள் அடுத்த வீட்டு வாசலில் நிற்பாள். மதியம் அவள் வெளியே போகும்போது, "புயல் கரையைக் கடந்தாச்சா?" என்று கேட்பார். "நாளைக்கும் அடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவாள். நாலு வீடுகளில் பாத்திரம், துணி, தரை. கை சளைக்காத பெண்பிள்ளை. வாய்தான் ஒரு காலத்தில் கொஞ்சம் நீளம். ஒரு வீட்டுக்காரர்கள் அதைக் கத்தரித்து அனுப்பினார்கள்.

அதை முதலில் சொல்லிவிட வேண்டும். தரையில் குந்தி உட்கார்ந்து துடைக்கிறவள் கண்ணில், சோபாவில் சாய்ந்திருப்பவருக்குத் தெரியாத சில விஷயங்கள் படும். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, உயரம் அப்படி. பேங்கில் வேலை பார்த்த ஓர் அம்மா வீட்டில் பிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த பிளக் பாயிண்ட் கறுத்துப்போயிருந்தது. பக்கத்துச் சுவரைத் தொட்டால் சூடு. பிளாஸ்டிக் கருகும் வாடை வேறு. சொன்னாள். "நீதான் ஈரத் துணியால துடைச்சிருப்ப" என்று பதில் வந்தது. இவள் இல்லை என்க, அந்த அம்மா ஆமாம் என்க, பேச்சு வளர்ந்து, மறுவாரம் அவர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலையாவது மிஞ்சியிருக்கும் என்று அன்றைக்கு முடிவுகட்டினாள். அதற்குப் பிறகு எந்த வீட்டில் சுவிட்ச் போர்டு வண்டு மாதிரி முனகினாலும், எந்த வீட்டில் மிக்ஸி போட்டால் லைட் மங்கினாலும், கண்டும் காணாத மாதிரி வேலையை முடித்துக்கொண்டு நடையைக் கட்டுவாள்.

ஒரே ஒரு தடவை அந்த முடிவை மீறினாள். அது டீச்சர் வீட்டில்.

டீச்சர் ஓய்வுபெற்றவர். அவரும் அவர் கணவர் சாரும் மட்டும்தான் அந்த வீட்டில். நல்ல மனுஷி. முகம் சுளித்து ஒரு வார்த்தை பேசியதில்லை. உடம்பு சரியில்லை என்றால் "போய்ப் படு, பாத்திரம் எங்கயும் ஓடிப்போகாது" என்று அனுப்பிவிடுவார். அந்த வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கிற இடத்தில் வாஷிங் மெஷின் இருந்தது. எந்நேரமும் ஈரம் காயாத சிமெண்டுத் தரை. ஒரு நாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் மேல் கை வைத்தவளுக்கு, விரல் நுனியில் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்றது. மறுநாளும் அப்படியே. டீச்சரிடம் சொன்னாள்.

டீச்சர் அலட்சியம் செய்யவில்லை. உடனே எழுந்துவந்து இரண்டு கையையும் மெஷின்மேல் அழுத்தி வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. சாரைக் கூப்பிட்டார். சாரும் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உனக்கு நரம்பு பலவீனமா இருக்கும்மா. வேளாவேளைக்குச் சாப்பிடறியா இல்லையா?" என்று கவலையோடு கேட்டார். தான் போடுகிற சத்து மாத்திரையில் ஓர் அட்டையையும் எடுத்துக் கொடுத்தார். இவளும் அதை வாங்கிப்போய் ஒழுங்காக விழுங்கினாள். கேட்டால் சிரிப்புத்தான் வரும். இப்போதைக்குச் சிரித்துக்கொள்ளலாம்.

அந்த வீட்டில் வெளிச்செருப்பு வாசலோடு சரி. உள்ளே நடமாட டீச்சருக்கும் சாருக்கும் தனி ரப்பர் செருப்பு உண்டு, குதிகால் வலிக்கு டாக்டர் சொன்னது. பின்பக்கம் போனாலும் அதோடுதான் போவார்கள். வேலைக்கு வருகிறவளுக்கும் ஒரு ஜோடி வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. காய்ந்த ரப்பரின்மேல் நிற்கிறவர் உடம்பு வழியாகக் கரண்ட் தரைக்கு இறங்க வழியில்லை. ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கிறவள் உடம்பு வழியாக இறங்கும். ஒரே மெஷினை மூன்று பேர் தொட்டு ஒருத்திக்கு மட்டும் சுருக்கென்றதற்குக் காரணம் இதுதான். மூன்று பேரில் ஒருவருக்காவது இது உறைத்திருக்கக் கூடாதா என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காய்ந்த துணி ஒன்றை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொள்வாள். மூடியைத் திறக்க, பட்டனைத் திருக, எல்லாவற்றுக்கும் அந்தத் துணிதான். நாளாக ஆகச் சுருக்கென்றது சுளீரென்று ஆனது. ஒரு தடவை தெரியாமல் முழங்கை பட்டுத் தோள்வரை உதறிப்போட்டது. அவள் அந்தத் துணியை இன்னும் ஒரு மடிப்பு மடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். கடைசியில் கை தானாகவே துணியைத் தேடிப் போகும் அளவுக்கு அது பழகிப்போய்விட்டது. மூச்சு விடுகிறோம் என்பதை யாராவது நினைத்துக்கொண்டா விடுகிறார்கள்?

ரொம்ப நாளாக இழுத்தடித்த வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று வீட்டுக்காரர்கள் ஒரு நாள் சமாளித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். டீச்சர் வீட்டில் மட்டும் விருந்தாளிகள் வந்துபோன துணி மலையாகக் குவிந்திருந்தது. தங்கை தானாக முன்வந்தாள். தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், அன்றைக்கு அவளுக்கு லீவு. சின்ன வயதில் இவள் இடுப்பிலேயே வளர்ந்தவள். இப்போது அவளுக்கே ஒரு கைக்குழந்தை. குழந்தையைப் புருஷனிடம் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னாள். இவள் ஒன்று விடாமல் பாடம் நடத்தினாள். எந்தப் பாத்திரத்தைக் கம்பி போட்டுத் தேய்க்கக் கூடாது, சாருடைய சட்டையை எப்படி உதறிக் காயப்போட வேண்டும், டீச்சருக்குக் காபி கேட்டால் எவ்வளவு சர்க்கரை. தங்கை கொட்டாவி விட்டுக்கொண்டே தலையாட்டினாள்.

ஆஸ்பத்திரியில் இவள் முறை வந்தது. ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ் செருப்பைக் கழற்றச் சொன்னாள். அப்போதுதான் துடைத்துவிட்ட தரை. பாதம் பட்டதும் ஜில்லென்றது, டீச்சர் வீட்டுப் பின்பக்கத்தில் கால் வைத்த மாதிரி. கை இடுப்புக்குப் போனது. அங்கே துணி இல்லை. துணியைப் பற்றித் தங்கையிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

நர்ஸ் கூப்பிடக் கூப்பிட வெளியே வந்து போனைப் போட்டாள். தங்கையின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. டீச்சர் வீட்டு வாசலில் கைப்பையோடு கிடக்கும். டீச்சரைக் கூப்பிடுவதைத் தவிர வழியில்லை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு நொடி தயங்கினாள், பிறகு அழுத்திவிட்டாள்.

தங்கை பின்பக்கம் தரை கழுவிக்கொண்டிருக்கிறாள், துணியை நானே போட்டுவிட்டேன், மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, அவள் இன்னும் துணி எடுக்கவில்லை என்றார் டீச்சர். இவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அவளை மெஷினைத் தொட வேணாம்னு சொல்லுங்கம்மா. ஷாக் அடிக்குது."

டீச்சர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, பிள்ளைகளைச் சமாதானப்படுத்துகிற சிரிப்பு. "இன்னுமா அதையே நினைச்சுக்கிட்டிருக்க? நாங்க ரெண்டு பேரும் தொட்டுப் பார்த்தோமே."

"இப்ப ரொம்ப அடிக்குதும்மா. நான் துணி வச்சுத்தான் தொடுவேன்."

"இரு, நீ லைன்ல இருக்கும்போதே பார்த்துச் சொல்லிடறேன்" என்று டீச்சர் நடக்கத் தொடங்கினார். மெஷின் சத்தம் போனில் நெருங்கி வந்தது. "இதோ, மேலயே கை வச்சிருக்கேன். நல்லா அழுத்தித்தான் வச்சிருக்கேன். ஒண்ணுமே இல்லை." அடுத்து அவர் குரல் வேறு பக்கம் திரும்பியது. "ஏம்மா, உங்க அக்கா ஆஸ்பத்திரியில உட்கார்ந்துக்கிட்டுப் பயந்து சாகுறா. நீ ஒரு தடவை தொட்டுட்டு, ஒண்ணுமில்லைன்னு உன் வாயாலயே சொல்லிடு."

வேண்டாம் வேண்டாம் என்று இவள் அலறியது டீச்சருக்குக் கேட்கவில்லை. போன் அதற்குள் அவர் காதை விட்டு இறங்கித் தங்கையின் பக்கம் நீண்டிருந்தது.

"அக்கா, நீ முதல்ல உன் வயித்தைப் பாரு" என்றாள் தங்கை, சிரித்துக்கொண்டே.

பிறகு ஒரு வாளி உருளும் சத்தம். டீச்சர் தங்கையைக் கூப்பிட்டார், மறுபடி கூப்பிட்டார், பிறகு சாரைக் கூப்பிட்டார். மெஷின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. மெயினை அணையுங்கள், மெயினை அணையுங்கள் என்று இவள் ஆஸ்பத்திரி நடையில் நின்று கத்தினாள். பெஞ்சில் இருந்தவர்கள் யாரிடம் கத்துகிறாள் என்று திரும்பிப் பார்த்தார்கள். சார் மெயினை அணைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

போலீசோடு வந்த எலக்ட்ரீஷியன் மெஷினைப் பிரித்துப் பார்த்தார். தண்ணீரைச் சுட வைக்கிற ஹீட்டர் பழுதாகி, கரண்ட் மெஷினின் தகரம் முழுக்கப் பரவியிருந்தது. அதை மண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய எர்த் கம்பியை, வீடு கட்டிய நாளிலிருந்தே யாரும் பிளக் பாயிண்டில் மாட்டவில்லை. கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கிற டிரிப் சுவிட்சும் அந்த வீட்டில் இல்லை. டெஸ்டரை வைத்திருந்தாலே தெரிந்திருக்கும், கையை வைத்தா பார்ப்பார்கள் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டீச்சர் இடிந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நான் தொட்டேனே, எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் தங்கை வீட்டுக்குத் திரும்பினார்கள். குழந்தை அழுது களைத்து இவள் மடியில் தூங்கிப்போனது. துக்கம் கேட்க வந்தவர்கள் கூடிக் கூடிப் பேசிக்கொண்டார்கள். எங்கேயோ ஆஸ்பத்திரியில் இருந்தவள் சரியாக அந்த நேரத்துக்குப் போன் பண்ணியிருக்கிறாளே, கூடப்பிறந்த ரத்தம், உள்ளுக்குள் என்னவோ சொல்லியிருக்கிறது என்றார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இவளுக்கு அந்தக் கையை உதற வேண்டும் போலிருந்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் போதும், காலம் முழுக்க அப்படியே சொல்லிக்கொண்டிருப்பார்கள். தலை ஆடவில்லை.

கூட்டம் கலைந்ததும் தங்கையின் புருஷன் எதிரே வந்து உட்கார்ந்தான். அவனுக்கு அழக்கூடத் தெம்பில்லை. கேட்டுவிட வேண்டும் என்று மட்டும் கேட்டான்.

"அக்கா, அந்த மெஷின்ல ஷாக் அடிக்குதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"ரொம்ப மாசமா. மறுபடி சொன்னா வேலை போயிடும்னு பயந்துட்டேன். இவகிட்ட சொல்ல மறந்துட்டேன்."

அவன் குனிந்து, தூக்கம் கலையாமல் குழந்தையை அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.